கிணற்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டால் தண்ணீர் வருமா?



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு மாணவர் பேரவைச் செயலாளர் எங்கள் வகுப்புக்கு வந்தபோது, "நீங்கதான் துணியில தோடு, மாலையெல்லாம் செய்றீங்களே, செய்வது எப்படின்னு நாலு பக்கம் எழுதிக் குடுங்க" என்றார். செய்வது எப்படி என்பதையும் எழுதத்தான் போகிறேன். ஆனால் எதைப் பார்த்துச் செய்வது, யாருக்காகச் செய்வது என்பதில் எங்கள் குழுவுக்குள் ஒரு வருடமாக நடந்த சண்டை இன்னும் முடியவில்லை. அந்தச் சண்டையில் நான் எந்தக் கட்சி என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

இறுதியாண்டு புராஜெக்டுக்கு "துணிக் கழிவில் அணிகலன்கள்" என்ற தலைப்பை எடுத்தோம். குழுவில் நான்கு பேர். முதல் வாரத்திலேயே இருபது டிசைன் வரைந்து முடித்துவிட்டோம். மயில், மாங்காய், யானை, தாமரை... எல்லாம் புத்தகத்தைப் பார்த்து வரைந்தவை. எங்கள் வழிகாட்டி ஆசிரியை நோட்டை மெதுவாகப் புரட்டிவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"தாமரையை எந்த ஏரியிலம்மா பாத்தீங்க?"

நான்கு பேரும் முழித்தோம். எங்கள் ஊர் ஏரியில் நான் பிறந்ததிலிருந்து பார்த்தது சீமைக்கருவேலம்தான். "அப்போ பாத்ததை வரைஞ்சுக்கிட்டு வாங்க" என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பார்த்ததை வரைவது அத்தனை சுலபமில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. தினமும் பஸ்ஸில் வருகிறோம், போகிறோம். ஜன்னல் வழியாக என்ன தெரிகிறது? ஒரு பக்கம் அறுத்த கேக் மாதிரி நிற்கும் கல்குவாரி மலை. இன்னொரு பக்கம் கேழ்வரகும் சாமையும் விளைந்த இடத்தில் மரவள்ளி. வழியில் நிற்கும் போர் லாரிகள். இதையெல்லாம் எப்படித் தோடாகவும் மாலையாகவும் செய்வது? அழகாக இருக்க வேண்டாமா?

எங்கள் காட்டில் ஒரு கிணறு இருக்கிறது. கருங்கல் கட்டடம் கட்டிய பழைய கிணறு. மாட்டைப் பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்த காலத்தை எங்கள் ஆயா இன்றைக்கும் கதை கதையாகச் சொல்லும். இப்போது அந்தக் கிணற்றில் தண்ணீர் இல்லை, பிளாஸ்டிக் பாட்டில்தான் கிடக்கிறது. பக்கத்தில் போட்ட முதல் போர் 300 அடி. அது வற்றியதும் 600. அப்புறம் 900. நான் அந்தக் கிணற்றை வரைந்தேன். மேலிருந்து பார்த்தால் வட்டத்துக்குள் வட்டமாக, ஒவ்வொரு படிக்கட்டுக்கும் ஒரு நிறமாக. கழுத்தணிக்கு அதைவிட நல்ல அமைப்பு எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது என்று எனக்குத் தோன்றியது.

செய்து முடித்து வீட்டுக்குக் கொண்டுபோய் ஆயாவிடம் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "நம்ம கெணறா இது?" என்றது. "ஆமா ஆயா" என்றேன். "ஏன் சாமி, கெணத்தைக் கழுத்துல மாட்டிக்கிட்டா தண்ணி வந்துருமா?" என்று கேட்டுவிட்டு, வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டது.

நண்பர்களே, இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் நான் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. ஆனால் அதற்கு முன்னால், மாறிப்போன நிலத்தை நகையாகச் செய்வது நாங்கள் கண்டுபிடித்த புதுமை ஒன்றும் இல்லை என்பதைச் சொல்ல வேண்டும். நம் மாவட்டத்திலேயே அதற்கு முன்னோடிகள் இருக்கிறார்கள்.

அரூர் பக்கம், கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவில் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு. அங்கே மலையாளிப் பழங்குடியினரோடு லம்பாடி மக்களும் வாழ்கிறார்கள். லம்பாடிப் பெண்களின் பாரம்பரிய உடையைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். துணி முழுக்கக் கண்ணாடிச் சில்லு, சோழி, நாணயம், மணி. உடை எங்கே முடிகிறது, நகை எங்கே ஆரம்பிக்கிறது என்று பிரிக்க முடியாது. துணி நகை என்று நாம் இன்றைக்குப் பெரிதாகப் பேசுவதை அவர்கள் தலைமுறை தலைமுறையாக உடுத்தியிருக்கிறார்கள்.

ஆனால் மலைப் பள்ளத்தாக்கில் வாழ்பவர்களின் துணியில் கடல் சோழி எப்படி வந்தது? அங்கேதான் விஷயம் இருக்கிறது. இந்த மக்களின் முன்னோர் பொதிமாடுகளில் தானியமும் உப்பும் ஏற்றிக்கொண்டு நாடு முழுவதும் நடந்த வணிகர்கள். முகலாயப் படைக்கும், பிறகு கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்கும் தானியம் கொண்டுபோனவர்கள். மாலத்தீவுக் கடலில் எடுத்த சோழி அந்தக் காலத்தில் பல இடங்களில் காசாகவே புழங்கியது. கடலோர உப்பும் உள்நாட்டுத் தானியமும் கைமாறிய அந்தப் பாதைகள்தான் அவர்களுடைய துணியில் சோழியாகவும் நாணயமாகவும் தொங்குகின்றன. 1853-இல் இந்தியாவில் பயணிகள் ரயில் ஓட ஆரம்பித்தது. ரயிலும் ரோடும் பெருகப் பெருகப் பொதிமாட்டுக்கு வேலை இல்லாமல் போனது. நடந்த மக்கள் அங்கங்கே தண்டா போட்டு உட்கார்ந்தார்கள். அவர்கள் நடந்த பாதை நிலத்தில் அழிந்துவிட்டது. துணியில் மட்டும் நின்றது.

அந்தத் துணியும் ஒரு கட்டத்தில் அழியப் பார்த்தது. சிட்லிங்கியில் இளைய தலைமுறை அந்த உடையை உடுத்துவதை விட்டுவிட்டது. தையல் தெரிந்தவர்கள் என்று வயதான ஓரிரு பெண்களே மிஞ்சியிருந்தார்கள். 1993-இல் அந்தப் பள்ளத்தாக்குக்கு வந்து பழங்குடியினர் நல முயற்சி என்ற மருத்துவமனையைத் தொடங்கியவர்கள் டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதா ரெஜியும். வைத்தியத்தோடு நிற்காமல், இயற்கை விவசாயத்துக்கும் இந்தத் தையல் கலைக்கும் அவர்கள் துணை நின்றார்கள். அந்தப் பாட்டிகளிடம் உட்கார்ந்து பெண்கள் மறுபடியும் கற்றார்கள். அப்படி உருவான அமைப்பின் பெயர் "போர்கை". லம்பாடிப் பேச்சில் அதற்குப் "பெருமிதம்" என்று பொருள். இன்றைக்கு ஆடை, பை, வீட்டு அலங்காரத் துணி என்று அவர்கள் கைவேலை வெளியூர்களுக்கெல்லாம் போகிறது. பிழைப்புக்குத் திருப்பூருக்கு பஸ் ஏறுவதே வழக்கமாகிவிட்ட நம் மாவட்டத்தில், ஊரிலேயே உட்கார்ந்து சம்பாதிக்க ஒரு வழி என்பது சின்ன விஷயமா?

லம்பாடித் தையலுக்கு இன்னொரு ஊரும் பெயர் போனது. கர்நாடகத்தில் பெல்லாரி மாவட்டத்துச் சண்டூர். இரும்புத் தாது வெட்டியெடுத்து மலைகளே உருமாறிய ஊர் அது. அளவு மீறிய வெட்டலால் 2011-இல் உச்ச நீதிமன்றமே பெல்லாரியில் சுரங்க வேலையை நிறுத்தி வைக்க வேண்டி வந்தது. அதே சண்டூரின் லம்பாணித் தையல் புவிசார் குறியீடு பெற்றது. 2023 ஜூலையில் ஹம்பியில் நடந்த ஜி-20 கூட்டத்தின்போது 450-க்கும் மேற்பட்ட பெண்கள் தைத்த 1,755 துணிகள் காட்சிக்கு வைக்கப்பட்டு கின்னஸ் சாதனை ஆனது.

நீலகிரியிலும் இப்படி ஒரு கதை உண்டு. தோடர் மக்களின் பூத்துக்குளி என்ற போர்வையில் வெள்ளைத் துணிமேல் சிவப்பும் கறுப்புமாகப் போடும் தையலுக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அவர்களுடைய எருமைகள் மேய்ந்த புல்வெளிகளில் பெரும்பகுதி வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே தேயிலையாகவும் தைலமரமாகவும் சீகை மரமாகவும் மாறிவிட்டது. புல்வெளி சுருங்கினாலும் எருமைக் கொம்பு தையலில் இருக்கிறது.

இவற்றையெல்லாம் படித்தபோது எனக்கு ஒன்று புரிந்தது. நகை என்பது வெறும் மினுக்கல் இல்லை. எழுதப் படிக்க வாய்ப்புக் கிடைக்காத பெண்கள், தாங்கள் நடந்த வழியையும் மேய்த்த மாட்டையும் பார்த்த மலையையும் மறக்காமல் வைத்திருந்த கணக்குப் புத்தகம் அது. நிலம் மாறுவது ஒன்றும் புதிதல்ல. இந்தத் தகடூருக்குக் கரும்பைக் கொண்டுவந்தவர்கள் அதியமானின் முன்னோர்கள் என்று ஔவையார் பாடியது புறநானூற்றில் இருக்கிறது. அன்றைக்கு ஒரு புதுப் பயிர் வந்ததை எழுதி வைக்க ஒரு புலவர் இருந்தார். இன்றைக்கு நம் கண் முன்னால் மாறுவதை யார் எழுதி வைப்பது?

இனி, செய்முறைக்கு வருகிறேன். செயலாளர் கோபித்துக்கொள்ளக் கூடாது அல்லவா!

மூலப்பொருள் நம் கல்லூரியிலேயே இருக்கிறது. மெக்கானிக்கல் நண்பர்கள் லேத்தில் வேலை பார்த்துவிட்டுக் கை துடைக்கிறார்களே, அந்தப் பனியன் வேஸ்ட்தான். கிலோ கணக்கில் கிடைக்கும். முதலில் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி. உருகிக் கெட்டியான உருண்டையானால் பாலியஸ்டர்; அதைத் தள்ளி வையுங்கள், இயற்கைச் சாயம் அதில் சரியாகப் பிடிக்காது. பருத்தித் துணியை அகலவாக்கில் ஒரு விரல் அகலத்துக்கு நாடா நாடாக வெட்டி, இரண்டு முனையையும் பிடித்து இழுங்கள். சிங்கிள் ஜெர்சி துணிக்கு ஓரம் சுருளும் குணம் உண்டு. நாடா தானாகவே உருண்டு கயிறாகிவிடும். வகுப்பில் "குறை" என்று படிக்கிற இந்தச் சுருளல்தான் எங்களுக்கு வரமாக வந்தது. அந்தக் கயிற்றைச் சுற்றித் தைத்தால் கிணறு, பின்னினால் மாலை, முடிச்சுப் போட்டால் மணி.

சாயத்துக்குக் கடைக்குப் போகவில்லை. கடுக்காய் ஊறிய தண்ணீரில் துணியை நனைத்துக் காயவைத்தால் வெளிர் மஞ்சளாகும். துருப்பிடித்த இரும்பை வெல்லத் தண்ணீரில் பல நாள் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கடுக்காய்த் துணிமேல் தொட்டால் கண் முன்னாலேயே கறுக்கும். கலம்காரிக்காரர்கள் தலைமுறையாகக் கறுப்புக் கோடு போடும் முறை இதுதான். துருப்பிடித்த ஆணிகள் நம் ஒர்க் ஷாப்பிலும், வெல்லம் நம் மாவட்டத்திலும் தாராளம். படிகாரமும் மஞ்சிட்டியும் சேர்ந்தால் சிவப்பு. கருவேலம்பட்டையைக் கொதிக்கவைத்தால் பழுப்பு.

இந்தக் கறுப்பையும் சாம்பல் நிறத்தையும் வைத்து எங்கள் குழுவில் ஒருத்தி குவாரி மலையை அடுக்கடுக்காக வளையலாக்கினாள். நாகமரைப் பக்கத்துத் தோழி மேட்டூர் அணையைச் செய்தாள். 1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்த அந்த அணையின் நீர் ஏறியபோது ஊர்கள் முழுகின. எதிர்க்கரை பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும், பழைய தேவாலயத்தின் இரட்டைக் கோபுரமும் தண்ணீர் இறங்கும்போது வெளியே தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 120 அடி. அவள் பத்து அடிக்கு ஒரு முடிச்சாகப் பன்னிரண்டு முடிச்சுப் போட்டு, நீலத் துணி மடிப்புக்குள் ஒரு சின்ன நந்தியைத் தைத்து ஒளித்து வைத்தாள். மடிப்பைக் கீழே இறக்கினால் நந்தி தெரியும்.

நான் இரண்டாவதாகச் செய்தது ஒரு வெள்ளை மாலை. அதைப் பற்றிச் சொல்லக் கொஞ்சம் தயக்கமாகத்தான் இருக்கிறது.

என்னோடு மூன்று வருடம் படித்தவர்களுக்குத் தெரியும், நான் சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வேன். என் முன்பற்களில் பழுப்புக் கறை. சரியாகத் தேய்ப்பதில்லை என்று பள்ளியில் கேலி செய்தார்கள். சாம்பல், உப்பு, எலுமிச்சை என்று எல்லாவற்றையும் போட்டுத் தேய்த்துப் பார்த்திருக்கிறேன். போகாது. அது ஃபுளோரைடு. நம் பக்கத்துக் கருங்கல் பாறைகளில் ஃபுளோரைடு உண்டு. பாறை இடுக்கில் வெகுகாலம் தங்கிய தண்ணீரில் அது கரைந்து சேருகிறது. கிணறு வற்றி, போரை ஆழமாக ஆழமாக இறக்கி அந்தத் தண்ணீரைக் குடித்தோம். ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது நம் நாட்டுக் குடிநீர்த் தரம். காய்ச்சிக் குடித்தாலும் அது போகாது. பல் உருவாகிற சின்ன வயதில் அளவுக்கு மேல் உள்ளே போனால் கறை பல்லோடு சேர்ந்தே வளர்கிறது. அதனால் இது அழுக்கும் இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை. இந்த மாவட்டத்தில் என்னைப் போல எத்தனை பேர் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறார்கள்!

2013 மே மாதம் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்குமாக, ஜப்பான் நிதியுதவியோடு, 1,928.80 கோடி ரூபாய்த் திட்டம். ஃபுளோரைடு பாதிப்பைக் குறைப்பதும் அதன் நோக்கம். எங்கள் ஊர்க் குழாயில் காவிரித் தண்ணீர் வந்தபோது என் பற்கள் ஏறக்குறைய உருவாகி முடிந்திருந்தன. என் தம்பிக்கு அப்போது ஒரு வயது. இன்றைக்கு அவன் பல் பளிச்சென்று இருக்கிறது. ஒரே வீடு, ஒரே தட்டு, ஏழு வருட வித்தியாசம். நிலம் மாறியது என் பல்லில் இருக்கிறது; திட்டம் வந்தது அவன் பல்லில் இருக்கிறது.

அதைத்தான் மாலையாகச் செய்தேன். பனியன் துணியில் பல் மாதிரிச் சின்னச் சின்ன வெள்ளைத் துண்டுகள். ஒரு பக்கத்திலிருந்து கருவேலம்பட்டைச் சாயத்தில் பழுப்புக் கோடுகள் ஏறி ஏறி, நடுவில் அடர்ந்து, அந்தப் பக்கம் போகப் போகக் குறைந்து, கடைசித் துண்டுகள் சுத்த வெள்ளை.

எங்கள் குழுவின் நான்காவது ஆள் கடைசிவரை மயில் கட்சி. "நகை போடறதே ஒரு சந்தோஷத்துக்குத்தான்டி. கல்யாணத்துக்குப் போறப்ப யாராவது வத்திப்போன கெணத்தை மாட்டிக்கிட்டுப் போவாங்களா? கஷ்டத்தைக் காசாக்கப் பாக்குறீங்க" என்பாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்பதை மறைக்க மாட்டேன். ஒரு கண்காட்சியில் மேசை போட்டோம். மயில் மாலை பதினொன்று போனது. எங்கள் நிலத்து நகைகளில் இரண்டுதான் போனது. என் பல் மாலையைக் கையில் எடுத்த ஒரு அம்மா, "வெள்ளையில கறை பட்டிருக்கே, வேற பீஸ் இல்லையா?" என்று கேட்டார். தோழிகள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வாயை மூடிக்கொண்டு.

ஆனால் அன்றைக்கு விற்ற அந்த இரண்டு? ஒன்று மேட்டூர் மாலை. வாங்கியவர் வயதானவர். மடிப்பை இறக்கி நந்தியைப் பார்த்துவிட்டு, தன் அப்பா பிறந்த ஊர் அந்தத் தண்ணீருக்குக் கீழே இருப்பதாகச் சொன்னார். பேத்திக்கு என்று வாங்கிக்கொண்டு, அரை மணி நேரம் எங்கள் மேசையருகே நின்று அந்த ஊரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மயில் மாலை வாங்கிய பதினொரு பேரும் விலையைத் தவிர வேறு எதையும் பேசவில்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான் என்று மயில் கட்சிக்காரியிடம் சொன்னேன். "பேச்சு சோறு போடுமா?" என்றாள்.

சோறும் போட வேண்டும் என்பதுதான் என் கட்சியும். ஒரு கடைக்காரரிடம் மாலைகளைக் காட்டினோம். பீஸுக்கு நாற்பது ரூபாய் தருவதாகச் சொன்னார். ஒரு மாலைக்கு ஐந்து மணி நேரம் ஆகிறது. 2024-25-இல் நம் மாநிலத்தில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த தினக்கூலி 319 ரூபாய். எட்டு மணி நேரமாக வகுத்தால் மணிக்கு நாற்பது. அதாவது ஐந்து மணி நேர வேலைக்கு ஒரு மணி நேரக் கூலி! கழிவுத் துணிதானே என்கிறார்கள். துணி கழிவாக இருக்கலாம் நண்பர்களே, அதைத் தைத்த கை கழிவு இல்லை. டிப்ளமோ படிக்கிற நாமே நம் கைவேலைக்குக் கணக்குப் போடத் தெரியாமல் கொடுத்துவிட்டால், ஊரில் தைக்கிற அக்காக்களுக்கு யார் கணக்குப் போட்டுக் கொடுப்பது?

ஆகவே என் தாழ்மையான கருத்து இது. அடுத்த வருடம் இந்தத் தலைப்பை எடுக்கிற ஜூனியர்களும் யோசித்துப் பார்க்கட்டும்.

முதலாவது, டிசைன் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே பார்த்து வரையுங்கள். மயிலைச் செய்யாதே என்று நான் சொல்லவில்லை. உங்கள் காட்டுக்கு மயில் வருகிறதா, தாராளமாகச் செய்யுங்கள். வராத மயிலை மட்டும் வேண்டாம்.

இரண்டாவது, அந்த இடம் முன்பு எப்படி இருந்தது என்று தெரிந்தவரிடம் போய் உட்காருங்கள். கிணற்றில் எத்தனை படி, எந்தப் படி வரைக்கும் சித்திரையில் தண்ணீர் நிற்கும் என்பதெல்லாம் எங்கள் ஆயா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்தப் படியில்தான் என் மாலையில் பச்சை நிறம் தொடங்குகிறது.

மூன்றாவது, லம்பாடித் தையலையோ தோடர் தையலையோ அப்படியே காப்பி அடிக்காதீர்கள். அது அவர்கள் நடந்த பாதை. அதை விற்கிற உரிமையும் வருமானமும் அவர்களுடையது. நிலத்தைத் துணியில் வைக்கிற வழியை அவர்களிடம் கற்போம். வைக்கிற நிலம் நம்முடையதாக இருக்கட்டும்.

நான்காவது, ஒவ்வொரு நகையோடும் தமிழில் ஒரு சின்ன அட்டை கட்டுங்கள். எந்த இடம், என்ன மாறியது, செய்தவர் யார், எத்தனை மணி நேரம் ஆனது. விலையை அந்த மணிக் கணக்கிலிருந்து போடுங்கள். அடுத்த கல்லூரி விழாவில் இப்படி ஒரு மேசைக்கு மாணவர் பேரவை இடம் ஒதுக்க வேண்டும் என்று இதன் மூலம் கேட்டுக்கொள்கிறேன். சிவில் நண்பர்கள் நிலத்தை அளந்து கொடுக்கட்டும், மெக்கானிக்கல் நண்பர்கள் அச்சு செய்து கொடுக்கட்டும். எல்லாப் பிரிவுக்கும் இதில் வேலை இருக்கிறது.

சரி, ஆயாவின் கேள்விக்கு வருகிறேன். கிணற்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டால் தண்ணீர் வருமா?

வராது. ஏரியைத் தூர்வார வேண்டும், மழைநீரைச் சேமிக்க வேண்டும், கிணற்றுக்கு ஊற்று ஏற வழி செய்ய வேண்டும். அதற்கு மண்வெட்டியும் சட்டமும் பணமும் வேண்டும், ஊசியும் நூலும் போதாது. துணி நகை சூழலைக் காப்பாற்றிவிடும் என்று சொல்பவர்களை நான் நம்பவில்லை. ஆனால் கிணறு வற்றியது நமக்குப் பழகிப்போய்விட்டது பாருங்கள், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. என் தம்பிக்கு அந்தக் கிணறு குப்பை போடுகிற குழி. அதில் ஒரு காலத்தில் தண்ணீர் நின்றது என்பதே அவனுக்குத் தெரியாது. தண்ணீர் நின்ற படி எது என்று தெரியாதவன், அது திரும்ப வர வேண்டும் என்று எப்படிக் கேட்பான்?

நான் செய்த மாலையை இப்போது அவன்தான் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறான். போன வாரம் ஆயாவிடம், "இந்தப் பச்சை வரைக்கும் நெசமாவே தண்ணி நின்னுச்சா?" என்று கேட்டான். ஆயா அவனைக் கையோடு காட்டுக்குக் கூட்டிக்கொண்டுபோய்க் கிணற்றைக் காட்டியது. மறுநாள் பார்த்தால், உள்ளே கிடந்த பாட்டில்களில் கைக்கு எட்டியதையெல்லாம் பையன் பொறுக்கி எடுத்துக் கரையில் குவித்து வைத்திருக்கிறான்.

தண்ணீர் வரவில்லை. கேள்வி வந்துவிட்டது. ஒரு பனியன் வேஸ்ட் மாலைக்கு அது போதும் என்று நினைக்கிறேன்.

கடைசியாக ஒன்று. இந்த மலரில் எங்கள் பிரிவின் குரூப் போட்டோ வந்திருக்கும். இரண்டாவது வரிசையில் வெள்ளை மாலை போட்டுக்கொண்டு, கையைக் கீழே தொங்கவிட்டு, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு நிற்பது நான்தான்.

— இறுதியாண்டு மாணவி, ஆடைத் தொழில்நுட்பப் பிரிவு